பாக்கின் 93-ஆம் கான்டாட்டாவைக் கேட்கப் பழகுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் எழுதிய தேவாலயக் கான்டாட்டாக்களில், அதாவது குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து பல பகுதிகளாக வரும் வழிபாட்டு இசைப் படைப்புகளில், சுமார் 200 இன்று நம் கையில் இருக்கின்றன. எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால், நான் யோசிக்காமல் சொல்லும் எண் 93. கடவுளின் சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதைப் பற்றி அவர் பல கான்டாட்டாக்கள் எழுதியிருக்கிறார். அவற்றில் இதை முன்னால் வைக்கக் காரணம் ஒன்றுதான். ஏழு பகுதிகள் கொண்ட இந்தப் படைப்பில், ஏழு பகுதியிலும் ஒரே மெட்டு ஓடுகிறது. அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டால் ஜெர்மன் தெரியாதவரும், மேற்கத்திய இசையே கேட்டுப் பழகாதவரும் இருபத்துச் சொச்சம் நிமிடங்களை வழி தவறாமல் கடந்துவிடலாம்.

இணையத்தில் தேடுவது சுலபம். பாக் என்ற பெயர், பி.டபிள்யூ.வி. என்ற மூன்று எழுத்துகள், 93 என்ற எண், இவ்வளவு போதும். அந்த மூன்று எழுத்துகள் வொல்ஃப்காங் ஷ்மீடர் 1950-இல் வெளியிட்ட பாக் படைப்புப் பட்டியலைக் குறிக்கின்றன. 93 என்பதால் 93-ஆவதாக எழுதப்பட்டது என்று எண்ணிவிட வேண்டாம், அந்தப் பட்டியல் கால வரிசையில் போடப்பட்டது அல்ல. ஜெர்மன் தலைப்பு "வேர் நூர் டென் லீபன் கொட் லெஸ்ட் வால்டன்". அன்பான கடவுளின் கையில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவன் எவனோ, அவனைப் பற்றிய பாட்டு.

படி 1: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

முதல் பகுதியை ஓடவிட்டு உட்கார்ந்தால் பெரும்பாலானவர்கள் நான்காவது நிமிடத்தில் தொலைந்துபோவார்கள். ஓபோ என்ற ஊதுகுழல் ஒரு பக்கம், வயலின்கள் ஒரு பக்கம், நான்கு குரல்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு. அதனால் முதலில் ஏழாவது பகுதிக்குப் போய்விடுங்கள். சுமார் ஒரு நிமிடம்தான். மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்ற நான்கு குரல்களும் சேர்ந்து, அலங்காரம் எதுவும் இல்லாமல், மெட்டை நேராகப் பாடும். இந்த வகை சபைப் பாடலுக்குக் கோரல் என்று பெயர்.

மேலே கேட்கும் சோப்ரானோ குரலை மட்டும் பின்தொடருங்கள். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்கள் முதல் வரியை இப்படிப் பாடிப் பார்க்கலாம்: ப ஸ ரி க ரி ஸ ரி நி ப. இதில் இரண்டு பஞ்சமமும் நிஷாதமும் கீழ் ஸ்தாயி. ரிஷபம் சதுஸ்ருதி, காந்தாரம் சாதாரணம், நிஷாதம் காகலி. கீரவாணி பாடுகிறவர்களுக்கு இந்த ஸ்வரங்கள் புதியவை அல்ல, ஆனால் கமகம் எதுவும் வேண்டாம், ஒவ்வொரு ஸ்வரத்திலும் நேராக நின்று நகர வேண்டும். வரியில் ஒன்பது அசை, ஒன்பது ஸ்வரம், ஓர் அசைக்கு ஒன்று. கீழே இருந்து எழும்பி, காந்தாரம் வரை போய், அதற்கு மேல் ஆசைப்படாமல் புறப்பட்ட பஞ்சமத்துக்கே இறங்கி வந்துவிடுகிறது. ஸ்வரம் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், நாலைந்து முறை கேட்டால் வாய் தானாக முணுமுணுக்கும்.

ஒரு செய்யுளுக்கு ஆறு வரிகள். முதல் இரண்டு வரிகளின் மெட்டே மூன்றாவது, நான்காவது வரிகளுக்கும் திரும்ப வரும். ஐந்தும் ஆறும் புது மெட்டு. இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் கைகாட்டி.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 1724-இல் லைப்சிக் நகர தேவாலயத்தில் இதைக் கேட்டவர்கள் அந்தப் பாட்டைச் சின்ன வயதிலிருந்து பாடி வளர்ந்தவர்கள். பாக் அதை நம்பித்தான் எழுதினார். மெட்டின் ஒரு துணுக்கைக் காட்டினால் போதும், மிச்சத்தை அவர்கள் மனம் நிரப்பிக்கொள்ளும். நமக்கு அந்த நினைவு கிடையாது. அதை நாமே முதலில் உண்டாக்கிக்கொண்டால் அவர்கள் கேட்டதில் பாதியாவது நமக்கும் கேட்கும்.

தமிழ்நாட்டு லுத்தரன் சபைகளில் வளர்ந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தரங்கம்பாடி மிஷன் காலத்திலிருந்தே ஜெர்மன் சபைப் பாடல்களை அதே மெட்டில் தமிழில் பாடும் வழக்கம் அங்கே உண்டு. 1740-இல் வந்த யோஹான் ஃபிலிப் ஃபப்ரிசியுஸ், விவிலிய மொழிபெயர்ப்பாளராக நமக்குத் தெரிந்தவர், பல ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கினார். ஞானப்பாட்டு பாடிப் பழகிய காதுக்கு இந்த நடை அந்நியமாகவே இருக்காது. அந்த மிஷனைத் தொடங்கிய சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய நாள் 1706 ஜூலை 9. 93-ஆம் கான்டாட்டா முதன்முதலில் பாடப்பட்டது 1724 ஜூலை 9. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகள்தான், ஆனாலும் தேதியைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

படி 2: பாட்டு எழுதியவன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மெட்டும் சொல்லும் பாக்குடையவை அல்ல. இரண்டையும் செய்தவர் கியோர்க் நொய்மார்க், 1621-இல் பிறந்தவர். முப்பதாண்டுப் போர் ஜெர்மனியைச் சூறையாடிக்கொண்டிருந்த காலம் அது. 1618-இல் தொடங்கி 1648 வரை நீண்ட போர். பல்கலைக்கழகத்தில் படிக்க க்யோனிக்ஸ்பெர்க் போக வேண்டும் என்று அந்த இளைஞர் வியாபாரிகள் கூட்டத்தோடு கிளம்புகிறார். வழியில், மாக்டபுர்க் தாண்டி கார்டலேகன் பக்கம், கொள்ளைக்காரர்கள் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறார்கள். மிஞ்சியது ஒரு ஜெபப் புத்தகமும், உடையில் தைத்து வைத்திருந்த கொஞ்சம் காசும். படிப்புக்கனவு போயிற்று. வேலை தேடி ஊர் ஊராக அலைகிறார், மாக்டபுர்க், லூனபுர்க், ஹம்புர்க், எங்கேயும் கிடைக்கவில்லை. குளிர்காலம் வேறு. கடைசியில் வடக்கே கீல் நகரத்தில், எதிர்பாராத விதமாக, ஒரு நீதிபதி வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை கிடைக்கிறது. அந்த நன்றியில் 1641-இல் எழுதியதுதான் இந்த ஏழு செய்யுள்கள். அச்சில் வந்தது 1657-இல்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வரிகளைப் படித்துப் பாருங்கள். வயிறு நிறைந்தவன் உட்கார்ந்து செய்த உபதேசம் இல்லை இது. தெருவில் நின்றவன், அந்த நிலைமை தீர்ந்த சூட்டோடு எழுதியது. கடவுளை நம்பு என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்கிறவன் யார் என்பதைப் பொறுத்துத்தான் அது காதில் ஏறும்.

படி 3: அந்த ஞாயிறு என்ன நாள் என்று பாருங்கள்

பாக் 1723-இல் லைப்சிக் புனித தோமா பள்ளியின் கான்டராக, அதாவது இசை ஆசிரியராகவும் பாடகர் குழுத் தலைவராகவும், பொறுப்பேற்றார். நகரத்தின் இரண்டு பெரிய தேவாலயங்களான புனித தோமா, புனித நிக்கோலா ஆலயங்களில் ஞாயிறுதோறும் இசை அவர் பொறுப்பு. ஆராதனை காலை 7 மணிக்குத் தொடங்கி மூன்று, நான்கு மணி நேரம் போகும். அன்றைய நற்செய்திப் பகுதி வாசித்த பிறகு, பிரசங்கத்துக்கு முன்னால் கான்டாட்டா. பெண்களுக்கு அங்கே பாட இடமில்லை, மேல் குரல்களைச் சிறுவர்கள்தான் பாடினார்கள். அன்றைய பாடல் வரிகளை அச்சிட்ட சிறு புத்தகம் விலைக்குக் கிடைக்கும், மக்கள் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

1724 ஜூன் மாதம் பாக் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார். வாரம் ஒரு சபைப் பாடலை எடுத்து, அதையே அடிப்படையாக வைத்து வாரம் ஒரு புதுக் கான்டாட்டா. ஜூன் 11-இல் முதல் கான்டாட்டா, ஜூலை 9-க்குள் இது ஆறாவது. எழுதி, படி எடுத்து, பள்ளிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து, ஞாயிறு காலை பாடவைத்து, திங்களன்று மறுபடி முதலிலிருந்து. இந்த வேகத்தில் இப்படி ஒரு தரம் எப்படிச் சாத்தியமானது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஜூலை 9 திரித்துவ ஞாயிறுக்குப் பின் வந்த ஐந்தாம் ஞாயிறு. அன்றைய நற்செய்தி லூக்கா ஐந்தாம் அதிகாரம். இரவெல்லாம் வலை வீசியும் ஒரு மீன்கூட அகப்படாத பேதுருவிடம், ஆழத்தில் போய் இன்னொரு முறை வலையைப் போடு என்று இயேசு சொல்கிறார். அவர் சொன்னதற்காக மட்டும் போடுகிறார், வலை கிழியும் அளவுக்கு மீன். இந்தக் கதை கான்டாட்டாவுக்குள் ஐந்தாவது பகுதியில் நேராக வரும். கேட்கப்போகும் முன் அந்தப் பதினொரு வசனங்களை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

படி 4: ஒவ்வொரு பகுதியாகக் கேளுங்கள்

பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பைத் திரையில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் நிறையக் கிடைக்கிறது. ஒரே மூச்சில் ஏழையும் கேட்க வேண்டாம். ஓர் அமர்வுக்கு ஒரு பகுதி அல்லது இரண்டு, திரும்பத் திரும்ப.

முதலில் ஒரு சூட்சுமம். நொய்மார்க்கின் ஏழு செய்யுளும் கான்டாட்டாவின் ஏழு பகுதிகளுக்கு ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. முதலாவது, நான்காவது, ஏழாவது செய்யுள்கள் ஒரு சொல்கூட மாறாமல் அப்படியே இருக்கின்றன. இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் மூல வரிகளுக்கு நடுவே புது வரிகள் செருகப்பட்டிருக்கின்றன. மூன்றாவதும் ஆறாவதும் வேறு சொற்களில் திருப்பி எழுதப்பட்டவை. ஆக ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் அசையாத தூண்கள், இடையில் உள்ளவை இளகியவை.

முதல் பகுதி, பெரிய கோரஸ். சி மைனர் சுருதி, 12/8 தாளம், இரண்டு ஓபோக்கள் முன்னால், பின்னால் தந்தி வாத்தியங்கள். ஒவ்வொரு வரியும் இரண்டு கட்டமாக வரும் என்பதைத் தெரிந்துகொண்டால் குழப்பம் போய்விடும். முதலில் சில குரல்கள் மட்டும் அந்த வரியின் மெட்டை நெளித்து, அலங்கரித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் வாங்கிப் பாடும். அப்புறம் நான்கு குரல்களும் சேர்ந்து அதே வரியைக் கோரலாக முழங்கும். முதல் இரண்டு வரிகளுக்கு முன்னோட்டம் பாடுவது சோப்ரானோவும் ஆல்ட்டோவும். மூன்று, நான்காம் வரிகளுக்கு டெனரும் பாஸும். ஐந்து, ஆறாம் வரிகளுக்கு நால்வரும் சேர்ந்து இறங்குவார்கள். அந்தக் கடைசி வரி, உன்னதமானவரை நம்புகிறவன் மணல்மேல் வீடு கட்டினவன் அல்ல என்கிறது. கீழே பாஸ் குரல் எப்படி நிற்கிறது என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். படி 1-இல் மெட்டைப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதியில் ஒவ்வொரு முறை கோரல் வரி வரும்போதும், கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல இருக்கும்.

இரண்டாம் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ரெசிடேட்டிவ் என்றாலே, அதாவது பேச்சு நடையில் பாடும் பகுதி என்றாலே, பலர் அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். இங்கே பாஸ் பாடகர் பாட்டின் ஒரு வரியைப் பாடுகிறார், நிறுத்துகிறார், உடனே பேச்சு நடைக்கு மாறி அந்த வரிக்கு விளக்கம் சொல்கிறார், மறுபடி அடுத்த வரி. நம் கதாகாலட்சேபத்தில் பாகவதர் ஓர் அடியைப் பாடி விட்டுவிட்டு வியாக்கியானம் செய்கிற அதே முறைதான். வரி கேட்கிறது, பாரமான கவலைகளால் நமக்கு என்ன லாபம்? விளக்கம் சொல்கிறது, அவை ஆயிரம் பயத்தோடு நெஞ்சை மூட்டைபோல் அழுத்துவதைத் தவிர வேறென்ன. வரி கேட்கிறது, தினம் காலையில் இப்படி எழுந்து என்ன பயன்? விளக்கம், பெருமூச்சோடு எழுந்து, இரவில் கண்ணீர் வழிந்த முகத்தோடு படுக்கப்போவதால் என்ன ஆகப்போகிறது. கடன்காரனுக்குப் பயந்து விடியற்காலையில் விழித்துக்கிடந்தவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவைக் கழித்தவர்கள் யாருக்கும் இதற்கு உரை தேவைப்படாது. மெட்டு வரும் இடங்களில் வாத்தியம் சீராக நடக்கும், விளக்கம் வரும் இடங்களில் தாளம் தளர்ந்துவிடும். அந்த மாற்றத்தை வைத்தே எது நொய்மார்க், எது பின்னால் சேர்த்தது என்று பிரித்துவிடலாம். சேர்த்தவர் பெயர் வரலாற்றில் பதிவாகவில்லை.

மூன்றாம் பகுதி டெனர் ஆரியா, அதாவது வாத்தியங்களோடு ஒருவர் தனியாகப் பாடும் பாட்டு. கொஞ்சம் சும்மா இரு என்பதுதான் முதல் வரியின் சாரம். சிலுவை நேரம் நெருங்கும்போது சற்றே அமைதியாக இருந்தால் போதும், கடவுளின் கிருபை நம்மை ஒருபோதும் கைவிடாது. இதை பாக் எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். சோகச் சாயலுள்ள மைனரிலிருந்து மலர்ச்சியான மேஜருக்கு, ஈ ஃபிளாட் மேஜருக்கு மாறிவிடுகிறார், நடன நடை, 3/8, மென்மையான தந்தி வாத்தியங்கள். மெட்டின் முதல் வரி இங்கே மேஜரில் வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறது. அப்புறம் அந்த நிறுத்தங்கள். இசை ஒரு சின்னச் சொற்றொடரைச் சொல்லிவிட்டு நிற்கிறது, மூச்சு விடுகிறது, அடுத்ததைச் சொல்லிவிட்டு மறுபடி நிற்கிறது. அமைதியாக இரு என்ற சொல்லை இசையே செய்து காட்டுகிறது. சோகப் பாட்டில் நடனம் எதற்கு என்று தோன்றலாம். நம்பிக்கை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது என்று நாம் நினைத்திருக்கிறோம், பாக் அப்படி நினைக்கவில்லை என்பது இந்தப் பகுதியைக் கேட்டால் தெரியும்.

நான்காம் பகுதிதான் மையம். சோப்ரானோவும் ஆல்ட்டோவும் டூயட் பாடுகிறார்கள். மகிழ்ச்சிக்குரிய நேரம் எது என்று அவருக்குத் தெரியும், நமக்கு எப்போது நல்லது என்று அவருக்குத் தெரியும், நாம் எதிர்பார்க்காத வேளையில் அவர் வந்து நன்மை செய்வார் என்பது செய்யுள். நொய்மார்க்குக்குக் கீலில் நடந்தது இதேதான். பாடகர்கள் செய்யுளின் சொற்களைப் பாடுகிறார்கள், ஆனால் கோரல் மெட்டு அவர்களிடம் முழுசாக இல்லை, அதிலிருந்து கிள்ளிய துணுக்குகளை வைத்துத்தான் இருவரும் பின்னிக்கொண்டே போகிறார்கள். மெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. வயலின்களும் வியோலாவும் ஒரே குரலாகச் சேர்ந்து, அவசரமே இல்லாமல், வரிக்கு வரி நீண்ட இடைவெளி விட்டு, அதை வாசித்துக்கொண்டு போகின்றன.

முதல் முறை கேட்கும்போது குரல்களை மட்டும் கேளுங்கள். இரண்டாவது முறை குரல்களை மறந்துவிட்டு தந்திகள் எப்போது உள்ளே வருகின்றன என்று மட்டும் காத்திருங்கள். மனிதர்கள் இருவரும் கேள்வியும் ஏக்கமுமாய்ச் சுற்றிச் சுற்றி வரும்போது, சொல்லே இல்லாமல், தனக்கென்று ஒரு வேகத்தோடு, மெட்டு வந்து போகிறது. எப்போது வரும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் வரும். கடவுளின் சித்தத்தை நம்புவது என்றால் என்ன என்பதற்கு எந்தப் பிரசங்கத்திலும் எனக்குக் கிடைக்காத விளக்கம் இந்த மூன்று நிமிடங்களில் கிடைத்தது.

பாக்குக்கே இந்தப் பகுதி பிடித்திருக்க வேண்டும். 1748 வாக்கில் யோஹான் கியோர்க் ஷ்யூப்லர் அச்சிட்டு வெளியிட்ட ஆறு ஆர்கன் கோரல்களில் ஒன்றாக இதைத் தானே மாற்றி எழுதிச் சேர்த்தார். பி.டபிள்யூ.வி. 647 என்று தேடினால் கிடைக்கும். அதில் மெட்டைக் கால் பெடல்கள் வாசிக்கின்றன. கையிரண்டும் பாடகர்களின் வேலையைச் செய்ய, காலில் கோரல் நடக்கும். காணொளியில் பாருங்கள், வாசிப்பவரின் காலைக் காட்டும் படமாக இருந்தால் மெட்டு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஐந்தாம் பகுதி, மறுபடி ரெசிடேட்டிவ், இந்த முறை டெனர். இரண்டாம் பகுதி மாதிரியே வரியும் விளக்கமும், ஆனால் சூடு அதிகம். துன்பத்தின் அனலில், மின்னலும் இடியும் முழங்கும்போது, கடவுள் உன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்துவிடாதே என்று தொடங்குகிறது. அதே மூச்சில், தினமும் சுகமாக வாழும் பணக்காரன் கடவுளின் மடியில் உட்கார்ந்திருக்கிறான் என்றும் நினைத்துவிடாதே என்கிறது. சதா நல்ல நாளாகவே தின்று களித்தவன் கடைசியில், பானையில் சாவு இருக்கிறது என்று அலற நேரிடலாம். இது இரண்டாம் ராஜாக்கள் நாலாம் அதிகாரத்தில் எலிசா காலத்துப் பஞ்சத்தில் நடந்த கதை. காட்டுக்காயைத் தெரியாமல் கூழில் அரிந்து போட்டு, வாயில் வைத்தவுடன் கத்துகிறார்கள். 1724-இல் கேட்டவர்களுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது, நமக்கு அதிகாரத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அதன் பிறகு பேதுரு வருகிறார், ராத்திரி முழுக்க வெறும் வலையோடு போராடியும், இயேசுவின் வார்த்தையால் ஒரு பிடி கிடைத்தவர். அங்கிருந்து மழைக்குப் பின் வெயில் என்ற வரி வரைக்கும் டெனர் எப்படி இறங்கி அமைதியாகிறார் என்பதைக் கவனியுங்கள். முழுக் கான்டாட்டாவிலும் குறைவாக மதிக்கப்படும் இடம் இதுதான் என்பேன்.

ஆறாம் பகுதி சோப்ரானோ ஆரியா, கூடவே ஓபோ. நான் ஆண்டவரையே நோக்கிப் பார்ப்பேன், என்றும் என் கடவுளை நம்புவேன் என்கிறது. முதல் முறையாக நான் என்று பேசும் குரல். அதுவரை எவன் நம்புகிறானோ அவன் என்றும், நாம் என்றும், நீ என்றும் பேசிக்கொண்டிருந்த பாட்டு இங்கே ஒரு தனி ஆளின் வாக்காகிறது. பணக்காரனை ஏழையாகவும் ஏழையைப் பெரியவனாகவும் தம் சித்தப்படி ஆக்கக்கூடியவர் அவர் என்ற இடம் நெருங்கும்போது காதைத் தயாராக வைத்திருங்கள். ஆரியாவின் சொந்த மெட்டுக்குள், கோரலின் ஐந்து, ஆறாம் வரி மெட்டு சத்தமில்லாமல் நுழைந்துவிடும். படி 1-ஐச் செய்யாதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

ஏழாவதை ஏற்கெனவே கேட்டுவிட்டோம். இப்போது வரிகளோடு கேளுங்கள். பாடு, ஜெபி, கடவுளின் வழியில் நட, உன் வேலையை உண்மையாகச் செய். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் சோம்பலுக்கு இங்கே இடமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பேதுருவும் வலையைத் தூக்கி வீசத்தானே வேண்டியிருந்தது.

படி 5: எந்தப் பதிவைக் கேட்பது?

ஒரே ஒரு பதிவோடு நின்றுவிடாதீர்கள், இந்த இசை வெவ்வேறு கைகளில் வெவ்வேறு ஆளாகிறது. மசாகி சுசூகி தலைமையில் ஜப்பானின் பாக் காலேகியம், 1995 முதல் 2013 வரை எல்லாத் தேவாலயக் கான்டாட்டாக்களையும் கோபே நகரில் பதிவு செய்தது. சுத்தமான, தெளிவான பதிவு, தொடங்குபவர்களுக்கு என் முதல் தேர்வு. ஜான் எலியட் கார்டினர் 2000-ஆம் ஆண்டு முழுக்க ஊர் ஊராகப் போய், அந்தந்த ஞாயிற்றுக்கிழமைக்குரிய கான்டாட்டாவை அந்தந்த வாரத்திலேயே நடத்தினார். நேரடி நிகழ்ச்சியின் பரபரப்பு வேண்டுமென்றால் அது. ஃபிலிப் ஹெரவேகவின் வாசிப்பு இன்னும் மென்மையானது.

பழைய காலத்து ஒலி எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் நிக்கோலஸ் ஹார்னன்கோர்ட்டும் குஸ்தாவ் லியோன்ஹார்டும் பங்கிட்டுச் செய்த தொகுதியைத் தேடுங்கள். பாக் காலத்து வாத்திய வகைகள், சோப்ரானோவுக்குச் சிறுவர்கள். சிறுவர் குரல் சில இடங்களில் தடுமாறும், அந்தத் தடுமாற்றம் லைப்சிக்கிலும் இருந்திருக்கும். இன்றைய வாத்தியங்களோடு, முழுமையான பெரிய ஒலியில் வேண்டுமென்றால் ஹெல்முட் ரில்லிங். சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் பாக் அறக்கட்டளை ருடால்ஃப் லுட்ஸ் தலைமையில் நடத்தும் கான்டாட்டா நிகழ்ச்சிகளையும் யூடியூபில் இலவசமாகவே பார்க்கலாம். ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற இசைக்குறிப்புத் தளத்தில் முழு ஸ்கோர் கிடைக்கும், அச்சிட்டு வைத்துக்கொண்டு நான்காம் பகுதியைப் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பதில் தனி இன்பம்.

ஹெட்ஃபோன் நல்லது, குறிப்பாக நான்காம் பகுதிக்கு. பஸ்ஸில் கேட்டால் தந்திகள் எஞ்சின் சத்தத்தில் கரைந்துவிடும்.

படி 6: அடுத்து எங்கே போவது

அதே மெட்டைத் தொடர விரும்பினால் பி.டபிள்யூ.வி. 691 என்ற குட்டிக் கீபோர்டு துண்டைக் கேளுங்கள், பாக் தன் மூத்த மகனுக்கான பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்தது. ஆர்கனுக்கு 642 இருக்கிறது. 1726-இல் இதே ஞாயிறுக்கு எழுதிய 88-ஆம் கான்டாட்டாவும் நொய்மார்க்கின் கடைசிச் செய்யுளில்தான் முடிகிறது.

இதே பொருளில் வேறு பாட்டு வேண்டுமென்றால் 99-க்குப் போங்கள். கடவுள் செய்வதெல்லாம் நன்றாகவே செய்யப்பட்டது என்ற சாமுவேல் ரோடிகாஸ்டின் பாடல், 1724 செப்டம்பர் 17-இல் வந்தது. அதே பாடலில் தொடங்கும் 98, 100 இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், ஒரே சொற்களை ஒரே மனிதர் எத்தனை விதமாகப் புரிந்துகொண்டார் என்று தெரியும்.

அப்புறம் ஜனவரி 6-இல் வரும் எப்பிஃபனி திருநாளுக்குப் பின் வரும் மூன்றாம் ஞாயிறுக்கான நான்கு கான்டாட்டாக்கள்: 73, 111, 72, 156. அன்றைய நற்செய்தி, ஆண்டவரே உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும் என்று கெஞ்சும் தொழுநோயாளியின் கதை. அதனால் நான்கும் சித்தம் என்ற ஒன்றையே சுற்றி வருகின்றன. 72-இன் முதல் கோரஸை பாக் பின்னால் ஜி மைனர் மிஸ்ஸா என்ற லத்தீன் வழிபாட்டு இசையின் குளோரியா பகுதியாக மாற்றினார். 156 தொடங்கும் ஓபோ இசையைப் பலர் வேறு எங்கேயோ கேட்டிருப்பீர்கள், எஃப் மைனர் ஹார்ப்சிகார்ட் கான்செர்ட்டோவின் நடுப்பகுதியாகவும் அதுவே வருகிறது.

நான்கில் ஒன்றுதான் கேட்க நேரம் என்றால் 1724 ஜனவரி 23-இல் வந்த 73-ஐ எடுங்கள். அதில் பாஸ் ஆரியா ஒன்று உண்டு, ஆண்டவரே உமக்குச் சித்தமானால் என்று மூன்று முறை தொடங்கும், மூன்றாவது முறை சாவு மணியை நினைவூட்டும் தந்தி மீட்டல் கூட வரும். 93-இல் வாழ்வதற்காகக் கேட்கும் நம்பிக்கையை இங்கே சாவதற்காகக் கேட்கிறார்கள். 93 நன்றாகப் பழகிய பிறகு இதற்கு வாருங்கள், இரவில், ஒரு முறைக்கு மேல் கேட்க நேரம் வைத்துக்கொண்டு.